ஐ-20 முதல் ஐ-94 வரை: அமெரிக்கப் படிப்புக்கான ஆவணங்களைப் பெறும் வழி

பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான், வாங்கட்டும். ஆனால் அந்தக் கடிதத்தைக் காட்டி அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. நுழைவதற்கு வேண்டியவை வேறு: மாணவர் விசாவுக்குத் தகுதி உண்டு என்று பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் விவரங்களை அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் என்ற கணினிப் பதிவுக்கான கட்டண ரசீது, பாஸ்போர்ட்டில் எஃப்-1 என்ற மாணவர் விசா, அங்கே இறங்கியபின் வருகையைக் காட்டும் ஐ-94 பதிவு. இவை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று வருபவை. முதலாவதில் ஒரு எழுத்து தவறினால் கடைசி வரை அந்தத் தவறு கூடவே போகும்.

நான் தஞ்சாவூரில் ஒரு பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்த பிள்ளைகளில் மதிப்பெண் குறைவால் தவித்தவர்கள் சொற்பம். பெயர், பணம், தேதி, இந்த மூன்றும் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இல்லாததால் தவித்தவர்களே அதிகம். ஓய்வுக்குப் பிறகு என் தம்பி மகளுக்கும் தெருவில் சில பிள்ளைகளுக்கும் கூடவே இருந்து பார்த்துக் கொடுத்தேன். அதை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டில் பெயரைப் பாருங்கள்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ரா. மீனாட்சி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். அப்போது பலர் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'மீனாட்சி ராமசாமி' முழுவதையும் இயற்பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. அமெரிக்க விசாவில் உண்டு. அவர்களுடைய முறையில் குடும்பப் பெயர் கட்டாயம். எனவே இருக்கும் பெயர் முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். இயற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் சுருக்கம் அது. அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு சன்னலிலும் அந்த மூன்று எழுத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் பிள்ளையின் பெயரை இயற்பெயர்க் கட்டத்திலும் பிரித்து எழுதுங்கள். எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், பாஸ்போர்ட் சேவா மூலம் மறுவெளியீட்டுக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது. ஐ-20 கையில் வந்த பிறகு பெயரைத் தொடாதீர்கள். 'எஃப்என்யு' தொல்லைதானே தவிர விசாவுக்குத் தடை இல்லை. பாஸ்போர்ட்டை மாற்றினால் அந்த எண் போன ஒவ்வொரு படிவத்தையும் பின்தொடர்ந்து திருத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல். மதிப்பெண் பட்டியலில் ஒரு 'எச்' கூடுதலாக இருக்கும், பாஸ்போர்ட்டில் இருக்காது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தொடங்கி எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ்களோடு வரும் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டால் வங்கியிலும் உதவும்.

ஐ-20: பணத்தைக் காட்டும் இடம்

ஐ-20 படிவத்தை எல்லாக் கல்லூரியும் தர முடியாது. மாணவர் மற்றும் பரிமாற்றப் பார்வையாளர் திட்டத்தில் அமெரிக்க அரசு சான்றளித்த நிறுவனம் மட்டுமே தர முடியும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்' தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லை என்றால் எவ்வளவு அழகான சேர்க்கைக் கடிதமாக இருந்தாலும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

சேர்க்கையை ஏற்றுக்கொண்டபின், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்துவிடும். பாஸ்போர்ட் நகல், முகவரி, நிதிச் சான்று ஆகியவற்றை அதில் ஏற்ற வேண்டும். கல்விக் கட்டணம், தங்கும் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்று அவர்களே ஒரு தொகை சொல்வார்கள். குறைந்தது அந்தத் தொகைக்கு உங்களிடம் வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். 50,000 டாலர் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 90 ரூபாய் என்றால் 45 லட்சம். சரியாக 45 லட்சத்தைக் காட்டாதீர்கள். ரூபாய் கொஞ்சம் இறங்கினால் கணக்கு குறைந்து, படிவம் திரும்பி வரும். இரண்டு மூன்று லட்சமாவது கூட்டிக் காட்டுங்கள்.

இங்கேதான் நம் பக்கத்துக் குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. என் தம்பியும் கேட்டான்: "அண்ணா, நமக்குத்தான் நஞ்சை இருக்கிறதே, அதைக் காட்டினால் போதாதா?" போதாது. ஐ-20க்குக் காட்ட வேண்டியது உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம். சேமிப்புக் கணக்கு இருப்பு, வைப்புத்தொகை, வங்கி ஒப்புதல் அளித்த கல்விக் கடன், பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகை, இவை செல்லும். நிலம், வீடு, நகை ஆகியவற்றின் மதிப்புச் சான்று பொதுவாகச் செல்லாது. அவை கடனுக்கு ஈடாக வேண்டுமானால் பயன்படும். அதிலும் விவசாய நிலத்தை ஈடாக வங்கிகள் பெரும்பாலும் ஏற்க மாட்டா. கடன் நிலுவையில் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு வழி தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம். பத்து ஏக்கர் வைத்திருப்பவர், நகரத்தில் மூன்று சென்ட் மனை வைத்திருப்பவரைவிடக் கடனுக்கு அதிகம் அலைவதை என் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். மனையோ வீடோ இருந்தால் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். வழக்கறிஞர் கருத்துக்கும் பொறியாளர் மதிப்பீட்டுக்கும் வங்கி எடுக்கும் நாட்களை நீங்கள் சுருக்க முடியாது. உங்கள் பக்கத்து நாட்களைச் சுருக்கலாம்.

அடுத்து ஒரு சுழல். பணத்தைக் காட்டினால் ஐ-20 தருகிறேன் என்கிறது பல்கலைக்கழகம். ஐ-20 கொண்டுவந்தால் கடன் தருகிறேன் என்று சில வங்கிக் கிளைகளில் சொல்கிறார்கள். கிளையில் இருப்பவருக்கு வெளிநாட்டுப் படிப்புக் கடன் பழக்கமில்லை என்றால் இப்படித்தான் நடக்கும். அப்போது மேலாளரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: சேர்க்கைக் கடிதத்தையும் பல்கலைக்கழகம் தந்த செலவு மதிப்பீட்டையும் வைத்து ஒப்புதல் கடிதம் தாருங்கள்; பணத்தை விசா வந்தபின் விடுவியுங்கள். ஒப்புதலும் பணம் விடுவிப்பதும் வேறு வேறு கட்டங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டு அந்த எண்ணோடு போனால் பேச்சு சுலபமாகும். கடிதத்தில் மாணவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். தொகை ரூபாயிலும் டாலரிலும், வங்கியின் கடிதத்தாளில், முத்திரை, கையெழுத்து, தேதியோடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பழைய தேதியிட்ட கடிதத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. எத்தனை மாதம் செல்லும் என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

பெற்றோர் கணக்கிலோ, சித்தப்பா, அத்தை கணக்கிலோ இருக்கும் பணத்தையும் காட்டலாம். அவர்கள் செலவை ஏற்பதாக, பல்கலைக்கழகம் தரும் படிவத்திலேயே கையெழுத்திட வேண்டும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நான்கு பேரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் ஒரு வாரம் நிறுத்தி, சான்று வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். விசா நேர்காணலில் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைதான் நிற்கும். விசாவுக்காகப் பொய்யான ஆவணம் கொடுத்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி வாழ்நாள் முழுவதும் நுழைவு மறுக்கப்படலாம்.

ஐ-20 இப்போது மின்னஞ்சலில்தான் வருகிறது. மூன்று பக்கம். அச்செடுத்து, முதல் பக்கத்தின் அடியில் மாணவர் கையெழுத்திட வேண்டும். 18 வயதுக்குக் குறைவு என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அதற்கு முன் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, படிப்பு, தொடங்கும் தேதி, முடியும் தேதி, செலவுக் கணக்கு, வரவுக் கணக்கு. மேலே 'என்00' என்று தொடங்கும் செவிஸ் எண் இருக்கும். தவறு இருந்தால் விசாவுக்குப் போகும் முன் அதே அலுவலகத்துக்கு எழுதித் திருத்திய படிவம் வாங்குங்கள். பேனாவால் திருத்தக் கூடாது.

மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால் மூன்று ஐ-20 வரலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு செவிஸ் எண். விசாவுக்குக் காட்டப் போவது எது என்று முதலில் முடிவெடுங்கள். அதற்குத்தான் கட்டணம், அதற்குத்தான் விண்ணப்பம்.

கட்டணங்களும் டிஎஸ்-160 படிவமும்

கட்டணம் இரண்டு. செவிஸ் கட்டணம், எஃப்-1 மாணவருக்கு 350 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டும் வெவ்வேறு தளங்களில் கட்ட வேண்டியவை. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. செவிஸ் கட்டணத்தை நேர்காணலுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே கட்டி ரசீதை அச்செடுத்து வையுங்கள். கட்டும்போது பெயரையும் செவிஸ் எண்ணையும் ஐ-20இல் பார்த்தே எழுத வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் நாளன்று அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

அதிகாரப்பூர்வத் தளம் எது என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்க அரசின் தளங்கள் 'டாட் கவ்' என்று முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் செவிஸ் கட்டணம் வாங்கும் தளமும், இந்தியாவில் நேர்காணல் நாள் ஒதுக்கும் தளமும் 'டாட் காம்' என்று முடிபவை. அவற்றைப் போலவே தோற்றம் காட்டும் தளங்கள் உண்டு. ஆகவே தேடுபொறியில் முதலில் வருவதைத் திறக்காமல், அமெரிக்கத் தூதரகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள்.

டிஎஸ்-160 என்பது விசா விண்ணப்பம். இதை மாணவரே நிரப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கன்சல்டன்சியில் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நேர்காணல் சன்னல் முன் நிற்கும் பிள்ளையை நினைத்தாலே எனக்கு மனம் பதைக்கிறது. யாராவது உதவினார்களா என்று படிவமே கேட்கிறது. உதவி இருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். முகவர் வழியாகப் போவதாக இருந்தாலும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவருடையதாகவே இருக்கட்டும். ஆலோசனை தேவைப்பட்டால் அமெரிக்க அரசின் 'எஜுகேஷன் யுஎஸ்ஏ' ஆலோசகர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். அங்கே கட்டணம் வாங்குவதில்லை.

படிவத்தைத் தொடங்கியதும் வரும் விண்ணப்ப எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் கை வைக்காமல் இருந்தால் பக்கம் மூடிக்கொள்ளும்; அந்த எண் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாய்மொழி எழுத்தில் முழுப் பெயர் கேட்கும் ஒரு கட்டம் வரும். அங்கே தமிழிலேயே எழுதலாம். அமெரிக்காவில் யாரைத் தெரியும் என்ற கேள்விக்கு ஐ-20இல் கையெழுத்திட்ட அலுவலரின் பெயரையும் பல்கலைக்கழக முகவரியையும் கொடுக்கலாம். உறவினர் அங்கே இருந்தால் மறைக்காதீர்கள். மாமா அங்கே இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் சிக்கல். முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் கேட்கும். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் நினைவுபடுத்தி எழுதுங்கள்.

படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி இல்லாமல். நம் ஊர் ஸ்டுடியோவில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுப்பிய பிறகு கிடைக்கும் உறுதிப்பக்கத்தில் 'ஏஏ00' என்று தொடங்கும் எண்தான் நேர்காணல் பதிவிலும் இருக்க வேண்டும். படிவத்தை மறுபடி நிரப்பினால் எண் மாறும்; பதிவிலும் மாற்றியாக வேண்டும்.

நாள் ஒதுக்குதல்

இரண்டு நாள் வேண்டும். விரல்ரேகையும் படமும் எடுக்கும் மையத்துக்கு ஒன்று, தூதரக நேர்காணலுக்கு ஒன்று. ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு எல்லோரும் மே, ஜூனில் முட்டுவார்கள். 2025 மே இறுதியில் புதிய மாணவர் நேர்காணல் பதிவையே சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். அப்போது நாள் கிடைக்காத பிள்ளைகள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. படிப்பு தொடங்கும் தேதிக்கு 365 நாள் முன்பிருந்தே விசா தரலாம் என்பது விதி. ஐ-20 வந்ததும் அந்த வாரமே இறங்கிவிடுங்கள். ஒதுக்கிய நாளைக் கூடுதல் கட்டணமின்றி ஒருமுறைதான் மாற்றலாம். கிடைத்த நாள் படிப்பு தொடங்கிய பிறகு வருகிறது என்றால் இரண்டு வேலை: அந்த நாளை வைத்துக்கொண்டே அவசர நேர்காணலுக்குக் கோரிக்கை வையுங்கள், பல்கலைக்கழகத்துக்கு எழுதி, தாமதமாக வர அனுமதி உண்டா, கடைசி நாள் எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சன்னல் முன்

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கிறது. உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது. பெற்றோர் வெளியே நிற்க வேண்டியதுதான். பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிப்பக்கம், நேர்காணல் கடிதம், கையெழுத்திட்ட ஐ-20, செவிஸ் ரசீது, இவை முதல் உறையில். மதிப்பெண் பட்டியல், தேர்வு மதிப்பெண்கள், வங்கிக் கடிதம், பெற்றோரின் வருமான வரிக் கணக்கு இரண்டாவது உறையில்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்க வருபவர் என்றே முதலில் கருதச் சொல்கிறது. இல்லை, நான் படிக்கத்தான் வருகிறேன் என்று காட்டும் பொறுப்பு மாணவருடையது. ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள், தந்தை என்ன செய்கிறார், படித்து முடித்து என்ன திட்டம், இப்படித்தான் கேட்பார்கள். மனப்பாடம் செய்த விடை அந்த அலுவலர் காதுக்கு உடனே தெரியும். தம்பி மகளிடம் நான் சொன்னது இதுதான்: "நீ எந்தப் பாடத்தை எந்தப் பேராசிரியரிடம் படிக்கப் போகிறாயோ அதைச் சொல். பணத்தைக் கேட்டால் கடன் எவ்வளவு, அப்பா போடுவது எவ்வளவு என்று எண்ணாகச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்." இரண்டாம் ஆண்டுச் செலவுக்கு வழி என்ன என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். ஐ-20 ஓர் ஆண்டைத்தான் காட்டும், கேள்வி அதோடு நிற்காது.

214(பி) என்று மறுத்தால் மேல்முறையீடு இல்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம். விசாக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். செவிஸ் கட்டணத்தை, மறுத்த 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்தால் மறுபடி கட்ட வேண்டாம். அதே சட்டத்தின் 221(ஜி) பிரிவு என்று தாள் கொடுத்தால் அது முடிந்துபோன முடிவல்ல. கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி. கேட்டதை அனுப்பிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவியுங்கள்.

விசா கிடைத்த பிறகு

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் விசாவில் பெயர், பாஸ்போர்ட் எண், செவிஸ் எண், பல்கலைக்கழகத்தின் பெயர் ஆகியவற்றை ஐ-20ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது; டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். ஐ-20, ரசீது, நிதிச் சான்று எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. குடியேற்றச் சோதனை முடிந்த பிறகே பெட்டி கைக்கு வரும். அபுதாபி வழியாகப் போகும் சில விமானங்களுக்கு அமெரிக்கச் சோதனை அபுதாபியிலேயே நடந்துவிடும். அங்கே மாறுவதற்கு இருக்கும் நேரத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இறங்கிய அன்றே அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் ஐ-94 பதிவை எடுத்துப் பாருங்கள். வகை எஃப்-1 என்று இருக்கிறதா, பெயர் சரியா, எதுவரை தங்கலாம் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாணவர் தகுதி நீடிக்கும்வரை என்பதைக் குறிக்கும் 'டி/எஸ்' என்பதே நெடுங்கால வழக்கம். அதற்குப் பதிலாக அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி போடும் விதியை 2025 ஆகஸ்டில் அரசு முன்மொழிந்தது. எனவே தேதி ஏதாவது இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். விசாவின் காலமும் தங்கும் காலமும் ஒன்றல்ல. விசா நுழைவதற்கு, தங்குவதற்கு ஐ-94, ஐ-20 இரண்டும்.

பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் உடனே வருகையைப் பதிவு செய்ய வேண்டும். படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் செவிஸில் பதிவேற்றியாக வேண்டும். தவறினால் இத்தனை பாடுபட்டு வாங்கிய தகுதியே போய்விடும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் அவர்களிடம் பயணக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்; படிக்கும் காலத்தில் அது ஓராண்டு செல்லும். வீடு மாறினால் புது முகவரியைப் பத்து நாளுக்குள் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் பருவத்தில் பிள்ளைகள் அறை மாறிக்கொண்டே இருப்பார்கள். பெற்றோர் தொலைபேசியில் பேசும்போது இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.